சாலோமியைத் தூக்காத புத்தகம்

நல்ல புத்தகம் ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாலோமி டீச்சருக்குக் கால் தரையில் நிற்காது என்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷத்து ஐப்பசி மழைக்கு முன்னமே பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதல் தடவை ஒரு சாண் உயரம்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில், சென்னைப் பட்டணத்தில் புதிதாக அச்சாகி வந்திருந்த மிருகக் கதைப் புத்தகம் ஒன்றைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். யானை ஆற்றில் இறங்கும் இடம் வந்தபோது, கரும்பலகையில் அவள் எழுதும் வரி வழக்கத்தைவிட மேலே போவதை முன்வரிசைப் பிள்ளைகள் கண்டார்கள். அவர்கள் பயப்படவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்தப் புத்தகம் வேண்டும் என்று அழுதார்கள்.

திருநெல்வேலி தெற்கு ரதவீதியில் புத்தகக் கடை வைத்திருந்த பாபநாசம் அண்ணாச்சி, ஒரே புத்தகத்தைக் கேட்டு ஒரே வாரத்தில் இத்தனை தகப்பன்மார் ஏன் வருகிறார்கள் என்று விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார். அவர் வியாபாரி. ஒரு பெண் எப்படி மிதக்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை; எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு மிதக்கிறாள் என்று யோசித்தார். அது முதல் பட்டணத்துப் பார்சல் ரயிலில் வந்து இறங்கியதும், கட்டைப் பிரிக்காமலே குதிரைவண்டியில் ஏற்றி, ஆற்றுப்பாலம் தாண்டி சாலோமியின் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிடுவார். அவள் வாரமெல்லாம் படிப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் வேதக்கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் நின்று, வந்ததில் எது யாருக்கு ஆகும் என்று சொல்லுவாள். கேட்பதற்குப் பேட்டையிலிருந்து ராவுத்தர்மார் வந்தார்கள். அக்கிரகாரத்திலிருந்து கூண்டுவண்டிகள் வந்து சற்றுத் தள்ளி நின்றன. உள்ளே இருக்கும் பெண்கள் திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார்கள்.

சமையல் புத்தகத்துக்கு அவள் ஒரு முழம் ஏறினாள். ஊறுகாய் அத்தியாயத்தில் இன்னும் கொஞ்சம். சின்னப் பிள்ளைகளுக்கான பாட்டுப் புத்தகத்துக்கு இடுப்பளவு. கொலையாளியைத் தேடும் நாவல் ஒன்று அவளை வேம்பின் முதல் கிளை வரைக்கும் கொண்டுபோயிற்று. ஆனால் கடைசி அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லும்போது படிப்படியாக இறங்கிவிட்டாள். முடிவு சப்பென்று இருக்கும் போலிருக்கிறது என்று சனங்கள் புரிந்துகொண்டு, அப்படியும் வாங்கினார்கள். நட்சத்திரங்களைப் பற்றிய சாஸ்திரப் புத்தகம் வந்த சனிக்கிழமைதான் பெரிய சனிக்கிழமை. அன்று மரத்தைத் தாண்டி, கோயில் மணி தொங்கும் உயரத்தையும் தாண்டிப் போனாள். அங்கேயிருந்து, நாம் காணும் வெளிச்சம் நம்முடைய பாட்டன் பூட்டனுக்கு முன்னால் புறப்பட்டது என்று அவள் சொன்னது கீழே சன்னமாகக் கேட்டது. கூட்டத்தில் ஒருவரும் இருமவில்லை. கூண்டுவண்டிகளின் திரைச்சீலைகள் முழுக்க விலகிவிட்டன. இறங்கி வந்தபோது அவள் தலைமுடி பனியில் நனைந்திருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

பாதிரியார் வேதத்தை நாலைந்து நாள் புரட்டிவிட்டு, ஜெப நேரத்துக்கு முன்னால் இறங்கிவிடுவதாக இருந்தால் தடையில்லை என்று சொன்னார். சாலோமி, உவரியில் மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கிச் சேலையின் கீழ்க்கரையில் தைத்துக்கொண்டாள். அது மானத்துக்குத்தான், அவள் ஏறுவதை ஈயம் தடுக்கவில்லை. பட்டணத்துப் பதிப்பாளர் ஒருவரின் ஆள் பட்டுச்சேலையோடு வந்து தங்கள் நாவலுக்கு மேலே போகும்படி கேட்டதும் உண்டு. அவள் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாவலைப் படித்தாள். சனிக்கிழமை ஈயக்குண்டுகள் தரையில் கிடந்தபடி கிடந்தன. அந்த ஆள் குனிந்து, அவள் பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு தாளைச் செருகப் பார்த்து, அது நுழையாமல் போகவே ரயிலேறினான்.

சாலோமியின் புருஷன் நேசையா, பையன்கள் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தினார். சத்தமாகப் பேசாதவர். கல்யாணமான வருஷத்திலிருந்தே விடியலில் எழுந்து, பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் வரை எழுதிக்கொண்டிருப்பார். என்ன எழுதுகிறார் என்று காட்டியதில்லை, அவளும் கேட்டதில்லை. பாடக்குறிப்பு என்று நினைத்திருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், பாபநாசம் அண்ணாச்சி கொண்டுவந்து வைத்த கட்டைப் பிரித்தபோது மேலாக இருந்த புத்தகத்தில் புருஷன் பெயரைக் கண்டாள். ‘வடலிவிளைச் சகோதரர்’ என்பது தலைப்பு. திருநெல்வேலியிலேயே அச்சாகியிருந்தது. மை இன்னும் விரலில் ஒட்டியது.

"சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"மத்தவங்க புஸ்தகத்த எப்படிப் படிப்பியோ அப்படிப் படி," என்றார் நேசையா. அவருடைய காது சிவந்திருந்தது.

அவள் அப்படித்தான் படித்தாள். செம்மணல் தேரிக்காட்டில் பனைவிளை வைத்திருந்த அண்ணன் தம்பி, எல்லையில் நின்ற ஒற்றைப் பனைக்காகப் பங்காளிச் சண்டை போட்டு, கோர்ட்டுக்குப் போய், கிழவர்களாகிறவரை பேசாமல் இருந்த கதை. ஒரு பிழை கிடையாது. ஒவ்வொரு வாக்கியமும் துவைத்துக் காயப்போட்ட வேட்டியைப் போல நேராக இருந்தது. அவளுக்குப் பக்கங்கள் நகரவில்லை. வழக்கு விவரம் வந்த இடங்களில் கண் சொருகியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். வெள்ளிக்கிழமை அடுக்களையில் தனியாக நின்று அந்தக் கதையைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கால் தரையில்தான் இருந்தது.

"இந்த வாரம் நான் பேசல. தொண்ட கட்டியிருக்கு," என்றாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது.

நேசையா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ பேசாம இருந்தா அதுவே பேச்சாயிரும். பேசு," என்றார். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று அவள் பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். டீச்சர் புருஷனின் புத்தகம் என்றால் அவள் மேகத்தைத் தொட்டுவிடுவாள் என்று பந்தயம் கட்டியவர்கள்கூட இருந்தார்கள். சாலோமி கதையைச் சொன்னாள். அண்ணனையும் தம்பியையும் சொன்னாள், பனையைச் சொன்னாள், கோர்ட்டைச் சொன்னாள். ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஈயக்குண்டுகள் மண்ணில் அசையாமல் கிடந்தன. முதலில் அவள் பாதத்தைப் பார்த்த சனங்கள் கொஞ்ச நேரத்தில் வேப்பமரத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரவர் கையைப் பார்த்தார்கள். கடைசிவரை அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர் நேசையா ஒருவர்தான்.

"எழுத்து சுத்தமா இருக்கு. பொய்யில்லாம எழுதியிருக்கு," என்று முடித்தாள் சாலோமி. "எனக்கு ஏறல."

அவள் வீட்டுக்கு வந்தபோது நேசையா முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அண்ணாச்சி திருப்பி அனுப்பிய பிரதிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தார். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சாப்பாடு, சாவி, மழை வருமா என்பது தவிர அந்த வீட்டில் வேறு பேச்சு நின்றுபோயிற்று. விடியலில் எழுந்து எழுதுவதையும் அவர் விட்டுவிட்டார். வெறுமனே எழுந்து உட்கார்ந்திருந்தார். சாலோமி தன் பாதங்களை வெறுத்தாள். உப்புக்கல்லால் தேய்த்துக் கழுவினாள். சனிக்கிழமைப் பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

கட்டுகள் அண்ணாச்சி கடையில் பிரிக்காமலே சேர்ந்தன. சனங்கள் தாங்களே தேர்ந்தெடுத்து வாங்கித் தடுமாறினார்கள். மாட்டு வைத்திய நூலை நாவல் என்று நினைத்து வாங்கிப் போன ஒருவர், கன்று பிழைக்குமா என்ற கவலையில் பாதிப் புத்தகம் வரை போய்விட்டார். அண்ணாச்சி இரண்டு தடவை வந்து கேட்டுப் பார்த்தார். "கால்ல எனக்கு நம்பிக்க இல்ல அண்ணாச்சி," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் வாசலில் ஒரு பாரவண்டி வந்து நின்றது. இறங்கியவர், குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில் தேரியிலிருந்து கருப்பட்டிச் சிப்பம் கொண்டுவரும் பனையேறி பலவேசம். நடுவயசு தாண்டியவர், மரம் தழுவித் தழுவி நெஞ்சு காய்ப்புக் காய்த்தவர்.

"அம்மா, மாசியில கோயில் பக்கம் வண்டிய அவுத்துப் போட்டுட்டு நிக்கயில ஒரு கத சொன்னிய," என்றார். "கோர்ட்டோட நின்னுட்டு. பொறவு அந்த ஒத்தப் பன யாருக்கு ஆச்சி?"

"புஸ்தகத்துல இருக்கு," என்றாள் சாலோமி.

"நமக்கு எழுத்துக் கெடையாதம்மா. யாரும் வாசிச்சா கேக்கலாம். அது கேக்காம எனக்கு ஒறக்கமில்ல."

அவரும் தம்பி கருத்தையாவும் பேசிக்கொண்டு வெகு காலம் ஆகிறது என்பதை அவர் அப்போது சொல்லவில்லை. சாலோமி உள்ளே போய் நேசையாவைக் கூப்பிட்டாள். அவர் வரமாட்டேன் என்று தலையாட்டினார். அவள் கட்டிலுக்கடியில் கைவிட்டு ஒரு பிரதியை எடுத்துத் தூசி தட்டி அவர் மடியில் வைத்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

முற்றத்து வெயிலோரம் பலவேசம் குத்தவைத்து உட்கார்ந்தார். நேசையா எதிரே நாற்காலியில் அமர்ந்து, பையன்களுக்குப் பாடம் வாசிப்பதைப் போல ஒரே குரலில் வாசித்தார். சாலோமி தூணோரம் நின்றாள். கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. பனை அண்ணனுக்கு என்று ஆயிற்று. அண்ணன் அதில் ஏறவில்லை, தம்பியும் ஏறவில்லை. பாளை பாளையாக முற்றி வீணாயிற்று. அவளுக்குக் கண் சொருகிய இடம் இது. அடுத்த பக்கத்தில், ஒரு விடியலில், தம்பி கட்டாத கலயம் ஒன்று அந்தப் பனையில் தொங்குகிறது, அண்ணனும் கட்டவில்லை. யார் கட்டியது என்று கேட்க வேண்டுமானால் பேசியாக வேண்டும். இருவரும் மரத்தின் இரண்டு பக்கமும் வந்து நிற்கிறார்கள்.

அப்போதுதான் பலவேசத்தின் நிழல் அவரைவிட்டு விலகுவதை சாலோமி கண்டாள். குத்தவைத்தபடியே, முழங்கையை முழங்காலில் ஊன்றினபடியே, அவர் மேலே போய்க்கொண்டிருந்தார். திண்டு உயரம், கதவுநிலை உயரம். இத்தனை வருஷத்தில் அவள் இதைக் கீழேயிருந்து பார்த்ததில்லை. எப்போதும் மேலே இருந்தவள் அவள்தான். பனைமட்டையால் அறுபட்டு, வெடித்து, மரச்செதிலைப் போல ஆகிவிட்ட அந்தப் பாதங்களின் அடிப்பக்கம் அவள் கண்ணுக்கு நேரே வந்து, பிறகு கண்ணைத் தாண்டிப் போயிற்று. அதிலிருந்து செம்மண் பொடி உதிர்ந்து அவள் நெற்றியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. கை தானாகக் கூப்பிக்கொண்டது. பயமும் சந்தோஷமும் ஒரே மூச்சில் வந்தன. சனிக்கிழமைதோறும் சனங்கள் அந்த மரத்தடியில் நின்று கண்டது இதைத்தானா என்று நினைத்தாள்.

நேசையா தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தார். பக்கம் திருப்ப விரலால் எச்சில் தொட்டபோது கொஞ்சம் தாமதமாயிற்று.

"மேல வாசியும் ஐயா," என்ற குரல் கூரைக்கு மேலேயிருந்து வந்தது.

நேசையா நிமிர்ந்தார். ஓட்டுக்கு மேலே, வெயிலில், கன்னமெல்லாம் நனைந்து ஒரு மனிதர் குத்தவைத்திருப்பதைப் பார்த்தார். புத்தகம் கையிலிருந்து நழுவியது. சாலோமி அதைத் தரையில் விழுமுன் பிடித்து, அதே பக்கத்தில் விரித்து, அவர் கையில் மறுபடி வைத்தாள்.

"நிறுத்தாதீங்க," என்றாள். "அவரு கீழ விழுந்திரப் போறாரு."

அவர் வாசித்தார். குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே முடிவுவரை வாசித்தார்.

பலவேசம் பைய இறங்கி வந்து, மண்ணைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டார். "மரத்துல ஏறயில கையும் காலும் கெட்டியாப் புடிச்சிருக்கும்," என்றார். "ஒண்ணையும் புடிக்காம மேல போனது இதான் மொதத் தடவ." பிறகு, "வாத்தியாரையா, எந் தம்பிக்கும் ஒரு தரம் வாசிக்கணும்," என்றார்.

அன்றைக்கே நேசையா பாரவண்டியில் ஏறித் தேரிக்குப் போனார். கருத்தையா ஓலைக்குடிசைக்குள் உட்கார்ந்து கேட்டதால் தலை கூரையில் இடித்து, மேற்கொண்டு வாசிக்க வெளியே வர வேண்டியதாயிற்று என்றும், அண்ணனும் தம்பியும் முகத்தோடு முகம் பார்க்க நேர்ந்தது பனைக்கொண்டை உயரத்தில்தான் என்றும் அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்கிறார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கீழே கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாலோமி மறுபடி மரத்தடிக்கு வந்தாள். அதற்குப் பிறகு அவள் தனக்கு ஏறிய புத்தகத்தை மட்டும் சொல்லவில்லை, ஏறாததையும் சொன்னாள். "இது எனக்கு ஏறல. ஒங்கள்ல யாருக்கோ ஏறும்," என்பாள். அப்படியே ஆயிற்று. பேட்டையில் ஆபிதா பீவி, சாலோமி கொட்டாவி விட்ட தையல் புத்தகத்துக்கு மாடித்தளம் வரை போனாள். மாட்டு வைத்திய நூலுக்கு ஒரு குடும்பமே போயிற்று. வீடு கட்டுகிற கொத்தனார்கள் உத்தரத்தை ஒரு முழம் உயர்த்தி வைக்கலானார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

நேசையா விடியலில் எழுதுவதைத் தொடர்ந்தார். இன்னும் இரண்டு நாவல்கள் வந்தன. இரண்டுக்கும் சாலோமியின் கால் தரையைவிட்டு எழும்பவில்லை. அதை அவள் கூட்டத்தில் மறைக்கவுமில்லை. அவர் பின்னால் நின்று கேட்பார். ஆனால் அவள் பாதத்தைப் பார்ப்பதில்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினான்காம் வருஷம் மூன்றாவது நாவலைப் பற்றி அவள் சொன்ன சாயங்காலம், கடைசி வரிசையில் நின்றிருந்த தயிர்க்காரி ஒருத்தி கூடையோடு மெதுவாக எழும்பினாள். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்து, தயிர் சிந்தாமல் கூடையைக் கைநீட்டி வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மேற்கொண்டு கதையைக் கேட்கலானாள்.