நனைந்த பார்லி

ஒவ்வொரு கோடையும் எங்கள் ஃபோர்மன் மரியோ, கொங்கிறீற் வேலை செய்யும் பதினொரு பேருக்கும் தன் வீட்டுப் பின்வளவில் விருந்து வைப்பான். இந்த முறை நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ஒருத்தரும் பியர் வாங்கவேண்டாம். நான் வீட்டிலை காய்ச்சிக்கொண்டு வாறன்."

"அப்ப அண்ணை, பின்னேரம் அம்புலன்சும் உங்கட பொறுப்போ?" என்றான் றமேஸ். எல்லோரும் சிரித்தார்கள். இனிப் பின்வாங்க முடியாது.

முளைகட்டிக் காயவைத்த பார்லியை அரைக்க, ஸ்காபரோவில் மிளகாய்த்தூள் அரைக்கும் மில்லுக்குக் கொண்டுபோனேன். எனக்குத் தெரிந்த மில் அதுதான். மில்லுக்காரி பாலேஸ்வரி அக்கா சாக்கைப் பிரித்துப் பார்த்தார்.

"உது புட்டுக்கோ, இடியப்பத்துக்கோ?"

"நல்லா பட்டுப்போல அரையுங்கோ அக்கா."

பட்டுப்போலவே அரைத்தார். சுடுதண்ணீரில் போட்டதும் களியாகிவிட்டது. சாறு வடியவேயில்லை. துணியில் பிழிந்து புளிக்கவைத்தேன். குடித்தால் தொண்டையில் மிளகாய் எரிந்தது.

விசாரித்தபோதுதான் விளங்கியது. பார்லி உடையத்தான் வேண்டும், மாவாகக் கூடாது. அதன் உமிதான் சாற்றை வடிக்கும் வடி. பார்க்டேலில் ஒருவரிடம் இரண்டு உருளை வைத்த பழைய கை மில் ஒன்றை வாங்கினேன். இரண்டாம் முறை சாறு வடிந்தது. ஆனால் உமியும் தூளாகி, பியர் வாழைப்பொத்தி போலத் துவர்த்துக் கயர்த்தது.

மனைவி யூஜினி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "உதைக் குடுத்தியளெண்டால் மரியோ உங்களை வேலையால நிப்பாட்டிப்போடுவான். பேசாமல் கடையிலை வாங்கிக்கொண்டு போங்கோ."

விருந்துக்கு ஐந்து கிழமை இருந்தது. புளித்துத் தெளியவே நாலு கிழமை வேண்டும், அதனால் இன்னும் ஒரே ஒரு முறைதான் காய்ச்சலாம்.

அந்த நேரம் பார்த்து, பேஸ்மென்றில் வாஷிங் மெஷின் ஒழுகி பார்லிச் சாக்கின் அடி நனைந்துவிட்டது. கொட்டமுன், ஆத்திரத்தில் ஒரு பிடியை மில்லில் போட்டுச் சுற்றினேன். உள்ளிருந்த மணி நொறுங்கியிருந்தது. உமி மட்டும் உடையாமல் வெறுங்கூடாகக் கிடந்தது. காய்ந்த பார்லியைப் போட்டுச் சுற்றினேன். தூள். மறுபடி நனைந்தது. முழு உமி.

"யூஜினி! இஞ்சை ஓடி வாரும்!"

"என்ன, வெடிச்சிட்டுதோ?"

"இல்லையப்பா, பிடிச்சிட்டன்!"

அழுக்குத்தண்ணீர் பட்டதைக் கொட்டிவிட்டு, நல்ல பார்லியைப் பரப்பி, தண்ணீர் தெளித்துப் பிசறினேன். உமி இளகவேண்டும், கையில் ஒட்டக்கூடாது. பத்து நிமிடம் விட்டு அரைத்தேன். அன்று சாறு பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் தெளிவாக ஓடிவந்தது. யூஜினி விரலால் தொட்டு நக்கினாள். மறுபடி தொட்டாள்.

விருந்தன்று நாற்பத்தெட்டுப் போத்தலை ஐஸ் பெட்டியில் புதைத்துக்கொண்டு போனோம். றமேஸ் முதலில் மணந்து பார்த்தான்.

"அண்ணை, நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"குடியடா."

குடித்தான். போத்தலைச் சுற்றித் திருப்பிப் பார்த்தான். "உண்மையைச் சொல்லுங்கோ, எந்தக் கடை?"

"எங்கட பேஸ்மென்ற்!" எனக்கு முன்னமே யூஜினி கத்தினாள்.

மரியோ முதல் போத்தலை நின்றபடியே முடித்தான். இரண்டாவதைத் திறந்துகொண்டே, எப்படிச் செய்தாய் என்று கேட்டான். கொங்கிறீற் மாதிரித்தான், தண்ணீர் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை என்றேன். முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டான். ஏழு வருடத்தில் அவன் யாருடைய வேலையையும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

கடைசி இறைச்சித்துண்டு வேகமுன்னமே பெட்டி வெறுமையாகிவிட்டது. றமேஸ் முழங்கைவரை கையைவிட்டுத் துழாவினான்.

"அண்ணை, இனி இந்த ஐஸைத்தான் உறிஞ்சவேணும் போல!"