பதினெட்டு வோல்ட்டும் பன்னிரண்டு வோல்ட்டும்

லிஃப்ட்காரருக்குத் தன் பதினெட்டு வோல்ட் ட்ரில்லின் மேல் தனிக் கர்வம் உண்டு. காலமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அந்தப் பெயர்தான் அவருக்கு நிலைத்தது. வேலையில் இருந்தவரை நீள வயரைத் தோளில் சுற்றிக்கொண்டு, பிளக் பாயின்ட் எங்கே எங்கே என்று ஒவ்வொரு மாடியிலும் தேடி அலைந்த மனிதர். அதனால் பேட்டரியில் ஓடும் கருவிகள் கைக்கு வந்த நாளிலிருந்து அவற்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ட்ரில், வட்ட ரம்பம், மரம் தேய்க்கும் சாண்டர், கராஜைப் பெருக்க ஒரு சின்ன வாக்குவம் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நீல நிறம். ஒரே பேட்டரி எல்லாவற்றிலும் பொருந்தும். அவர் மனைவி அவற்றுக்கு "உங்க பிள்ளைங்க" என்று பெயர் வைத்திருந்தாள்.

உண்மையான பிள்ளை ஒரே ஒரு மகள். கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் அவளும் மாப்பிள்ளையும் ஒரு வீடு வாங்கியிருந்தார்கள். வீட்டோடு ஒட்டி ஒரு கராஜ். கார் மட்டும்தான் அதற்குள் நிற்கவில்லை. பிரிக்காத அட்டைப்பெட்டிகள், சைக்கிள், பழைய ஓனர் விட்டுப்போன பெயின்ட் டப்பாக்கள் என்று மற்ற எல்லாம் நின்றன.

மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, ஞாயித்துக்கிழமை வர முடியுமா? சுவர்ல ரெண்டு வரிசை ரேக், ஓரமா ஒரு வேலை மேசை. அம்மாவும் வராங்க."

அம்மா வந்து என்ன செய்யப் போகிறார், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார். சம்பந்தியம்மாவைக் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. அளவாகப் பேசுவார், அளவாகச் சிரிப்பார். கணவரோடு சேர்ந்து சோபா தைக்கும் பட்டறை நடத்தியவர், அவர் போன பிறகு தனியாகவே பல வருடம் நடத்தினார் என்று மகள் சொல்லியிருந்தாள். அது லிஃப்ட்காரர் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

ஞாயிறு காலை மனைவியோடு வந்து, நீலப் பெட்டிகளைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டு கராஜுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சம்பந்தியம்மா தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் முழங்காலிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. அதற்குள் சிவப்பு நிறத்தில் இரண்டு சின்னக் கருவிகள். மேசைக்கான மரக்கட்டைகள் ஏற்கெனவே அளந்து, பென்சில் கோடு போட்டு வரிசையாகப் படுத்திருந்தன.

"வாங்க சம்பந்தி. உங்க பெரிய ட்ரில்லுக்குத்தான் காத்திருந்தேன். இந்தச் செங்கல் சுவரு என்னுதுக்கு மசியாது."

"அது எத்தனை வோல்ட்?"

"பன்னெண்டு."

"பன்னெண்டா!" என்று சொல்லிவிட்டு, சொன்ன தொனி சரியில்லை என்று தெரிந்து, "கைக்கு அடக்கமா இருக்குமே" என்று ஒட்டுப் போட்டார்.

மாப்பிள்ளைக்கு உள்ளூர ஒரு கஷ்டம் இருந்தது. சொந்தமாக ஒரு செட் வாங்க வேண்டும் என்று இரண்டு மாதமாக போனில் படித்துக்கொண்டே இருந்தார். எடை, வேகம், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும் எல்லாம் தலைகீழாகச் சொல்வார். ஆனால் முடிவு மட்டும் வரவில்லை. நீலம் வாங்கினால் அம்மா வருத்தப்படுவாரோ, சிவப்பு வாங்கினால் மாமா கோபித்துக்கொள்வாரோ என்று நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார்.

"எதையாவது ஒண்ணு வாங்கிட்டு அப்புறம் மாத்திக்கலாமே" என்றாள் லிஃப்ட்காரரின் மனைவி.

"அங்கதான் அத்தை சிக்கலே. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொண்ணுல போகாது. ஒரு தடவை உள்ள போயிட்டா அப்புறம் ட்ரில்லு, ரம்பம், புல் வெட்டுறது எல்லாமே அவங்ககிட்டதான்."

"சரிதான், என்னை மாதிரி" என்றாள் மகள். கராஜே சிரித்தது. சம்பந்தியம்மா மட்டும் மருமகளைப் பார்த்து, "மாட்டிக்கிட்டது நீயா, நாங்களான்னு இன்னும் முடிவாகல" என்றார். லிஃப்ட்காரருக்கு அந்த அம்மாவை அப்போதுதான் முதல் முறையாகப் பிடித்தது.

வேலை தொடங்கியது. ரேக்கின் கீழ் வரிசைக்குச் சுவரில் துளை போட வேண்டும். லிஃப்ட்காரர் சுவரில் அடையாளம் வைத்து, ட்ரில்லைச் சுத்தியல் அடிக்கும் நிலைக்குத் திருப்பி, இடுப்பு உயரத்தில் வைத்து அழுத்தினார். செங்கல் சிவப்புப் பொடியாகக் கொட்டியது. ஒவ்வொரு துளையும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. சம்பந்தியம்மா தன் குட்டி ட்ரில்லால் ஒன்று முயன்று பார்த்தார். அது கீச்சென்று கத்தியதே தவிர, சுவரில் ஒரு அம்மைத் தழும்புதான் விழுந்தது.

"ஒத்துக்கறேன்" என்றார் அவர்.

"இதுக்கு அது இல்ல சம்பந்தி, அவ்வளவுதான்" என்றார் லிஃப்ட்காரர், பெருந்தன்மையோடு. ஆனாலும் முகமெல்லாம் பல்.

மேசைக்கு வந்ததும் கதை மாறியது. தடித்த மரத்தில் நீள ஸ்க்ரூவை இறக்கும்போது அவருடைய ட்ரில் முக்கால்வாசி போய்த் திணறியது. முனை வழுக்கி ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிட்டது. இரண்டாவதுக்கும் அதே கதி.

"ஸ்க்ரூ மட்டமான சரக்கு" என்றார்.

சம்பந்தியம்மா அதே டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார். துணிப்பையிலிருந்து இரண்டாவது சிவப்புக் கருவி வந்தது. ஸ்க்ரூவைத் தட்டித் தட்டி முறுக்கும், உள்ளங்கை அளவு இம்பாக்ட் டிரைவர். டகடகடகவென்று ஒரு சத்தம். ஸ்க்ரூவின் தலை மரத்தோடு மரமாக அமிழ்ந்தது. பிறகு மேசைக் காலுக்கும் சட்டத்துக்கும் நடுவே, லிஃப்ட்காரரின் ட்ரில் மூக்கைக்கூட நுழைக்க முடியாத ஒரு மூலையில், அதைச் செருகி இன்னொன்றையும் முடித்தார்.

"சோபாவுக்குள்ள எல்லாமே மூலைதான் சம்பந்தி" என்றார், தப்பு செய்துவிட்டவர் மாதிரி.

லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் கொடுங்க, பாப்போம்." வாங்கி ஒரு ஸ்க்ரூ இறக்கினார். இன்னொன்று. மூன்றாவதை இறக்கும்போது அவர் மனைவி மகளிடம் கிசுகிசுத்தாள்: "உங்கப்பா முகத்தைப் பாரு. நீ பொறந்தப்ப இப்படித்தான் பாத்தாரு."

டீயும் பிஸ்கட்டும் வந்தன. பேட்டரிகள் சார்ஜரில் ஏறின. குடித்து முடித்ததும் மேல் வரிசை. தலைக்கு மேல் கை நீட்டித் துளை போட வேண்டும்.

இது யாருக்கும் தெரியாது. இத்தனை மாதமாக லிஃப்ட்காரர் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயம். அவருடைய வலது தோள் மக்கர் செய்துகொண்டிருந்தது. இடுப்பு உயரம்வரை ஒன்றுமில்லை. அதற்கு மேல் கை போனால் யாரோ உள்ளே ஊசியால் குத்துவதுபோல் இருக்கும். லிஃப்ட் கூண்டின் மேல் நின்று மணிக்கணக்கில் தலைக்கு மேல் வேலை செய்தவர், ஒரு சட்டை மாட்டவே இப்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறார் என்பதை யாரிடம் சொல்வது?

ஏணியில் ஏறினார். பெரிய பேட்டரியோடு ட்ரில் மூன்று கிலோ கனம். தூக்கினார். பொத்தானை அழுத்தினார். தோள் சட்டென்று பிடித்துக்கொண்டது. முனை வழுக்கிச் சுவரில் நீளமாக ஒரு கீறலை இழுத்துக்கொண்டு ஓடியது.

"என்னாச்சுப்பா?"

"பிட்டு மொட்டையா இருக்கு" என்றார், மூச்சை அடக்கிக்கொண்டு.

சம்பந்தியம்மா கீழிருந்து சுவரைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். பிறகு ஏணியருகே வந்தார்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. ரொம்ப நாளாச்சு பெரிய ட்ரில்லு பிடிச்சு. ரெண்டு துளை நான் போட்டுப் பாக்கட்டுமா?"

லிஃப்ட்காரர் மறுப்பதுபோல் ஒரு வார்த்தை எடுத்து, அதை மென்று விழுங்கிவிட்டு இறங்கினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா அவரைவிட ஒரு படி மேலே ஏறி, இரண்டு கையாலும் ட்ரில்லைப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, உடம்பின் பாரத்தையே அதன் மேல் சாய்த்தார். முதல் துளை சுத்தமாக விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. ஆனால் இறங்கி வந்தவர் ட்ரில்லை மேசையில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரமாக மணிக்கட்டை அழுத்தி விட்டுக்கொண்டார். லிஃப்ட்காரர் பார்த்துவிட்டார்.

"கை வலியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு மணிக்கட்டும் போச்சு. சோபா தச்ச கையாச்சே. நானும் இதே நீலம்தான் வச்சிருந்தேன் சம்பந்தி. ராத்திரி விரல் மரத்துப்போயி எழுந்து உக்காருவேன். அப்புறம்தான் பன்னெண்டுக்கு வந்தேன். முதல்ல பொம்மை மாதிரி இருந்துச்சு. அழுகையே வந்துச்சு." அவர் தோளைப் பார்த்து, "உங்களுக்குத் தோளா?" என்றார்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். எத்தனையோ மாதமாகச் சொல்லாததை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியும் என்று அவருக்குத் தெரியாது.

"அப்ப மணிக்கட்டு போனவங்க எதுக்கு மேல ஏறுனீங்க?"

"நீங்க எதுக்கு ஏறுனீங்களோ அதுக்குத்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தூரத்தில் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். ஏணியையும், மேசையில் கிடந்த ட்ரில்லையும், தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவையும், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த மாமியாரையும் பார்த்தாள். அவளுக்கு விஷயம் விளங்க அதிக நேரம் ஆகவில்லை. நேராக வந்து ட்ரில்லைக் கையில் எடுத்தாள்.

"வீடு யாருது?"

"உங்களுதுதான்மா" என்றார் லிஃப்ட்காரர்.

"அப்ப ரெண்டு பேரும் போயி உக்காருங்க." ஏணியில் ஏறிக்கொண்டே, போனில் மூழ்கியிருந்த கணவனை அழைத்தாள். "போன் போதும். வாக்குவத்தை எடுத்துட்டு வாங்க, பொடி கண்ணுல விழும்."

இரண்டு பெரியவர்களும் நாற்காலியில் உட்கார்ந்தார்களே தவிர, வாய் சும்மா இருக்கவில்லை. "நேரா பிடி." "அழுத்தாதே, அதுவா போகும்." "அழுத்தினாத்தான் போகும், சம்பந்தி சொல்றதைக் கேக்காதே." "மாப்பிள்ளை, குழாயைத் துளைக்குப் பக்கத்துல வைங்க." ஒரு துளை கொஞ்சம் கோணலாகப் போனது, ரேக் ஏறியதும் அது மறைந்துவிட்டது. மேல் வரிசையில் முதல் பெட்டியை மாப்பிள்ளை தூக்கி வைத்தார். எல்லோரும் அரை நிமிடம் அது விழுமா என்று பார்த்தார்கள். விழவில்லை.

அடுத்து, எதை வாங்குவது என்ற பேச்சு வந்தது. லிஃப்ட்காரர் முந்திக்கொண்டார். "மாப்பிள்ளை, யோசிக்காம சின்னதையே வாங்குங்க. ஒரு வீட்டுல வருஷத்துக்கு சுவர்ல எத்தனை துளை போடப் போறீங்க? கதவுக் கீல், அலமாரி, கட்டில், எல்லாம் ஸ்க்ரூ வேலைதான். கனமும் இல்ல."

"என்ன சம்பந்தி நீங்க!" என்றார் சம்பந்தியம்மா. "இது செங்கல் வீடு. திரை மாட்டணும்னாலும் துளை போடணும். இவன் வயசுக்குக் கனம் ஒரு கனமா? பெருசே வாங்குடா. ஒரே பேட்டரியில ரம்பமும் ஓடும்."

"ரம்பம் வருஷத்துக்கு ஒரு தடவை."

"அந்த ஒரு தடவைக்கு யார்கிட்ட போயி நிப்பான்?"

"என்கிட்ட வரட்டும்!"

காலையில் எந்த வம்புக்குப் பயந்தாரோ, அது தலைகீழாகத் திரும்பி நிற்பதைக் கண்டு மாப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரவர் கருவிக்காகச் சண்டை போட்டாலாவது ஒரு பக்கம் சாயலாம். இது அதைவிடச் சிக்கலாக இருந்தது.

முடிவை மகள்தான் சொன்னாள். "சின்னதுல ட்ரில்லும் டிரைவரும் வாங்கறோம். சுவர் வேலை வந்தா அப்பாகிட்ட இரவல். ஆனா அப்பா ட்ரில்லைக் கொடுத்துட்டு கீழ நிக்கணும். ஏணிப் பக்கம் வரக் கூடாது."

திரும்பி வரும் வழியில் கார் ஓட்டியது அவர் மனைவி. சாவியை அவளாகவே கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா நல்ல மாதிரி" என்றார் அவர்.

"ம்."

"அவங்களுக்கு மணிக்கட்டுல வலியாம்."

"உங்க தோளுக்கு நாளைக்கு டாக்டர்கிட்ட பேசி வச்சிருக்கேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படி..."

"முப்பது வருஷமா வலது பக்கம் படுத்த மனுஷன் திடீர்னு இடது பக்கம் படுத்தா தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். முதல்ல போயி சம்பந்திகிட்ட சொல்லியிருக்கீங்க." குரலில் கோபம் இருந்தது, கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவர் கியர் மேல் இருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். "வண்டி ஓட்டறேன்ல" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

தோள் இறுகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, பயிற்சி செய்தால் மெல்ல மெல்லத் தளரும் என்றார் டாக்டர். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்புபோல் மேலே மேலே ஏற்ற வேண்டும். தினமும். லிஃப்ட்காரர் முதல் வாரம் ஏமாற்றினார். இரண்டாவது வாரம் அது நடக்கவில்லை. மனைவி ஒரு பக்கம் என்றால், சாயங்காலமானால் சம்பந்தியம்மாவின் போன் இன்னொரு பக்கம்.

"சம்பந்தி, இன்னைக்கு எதுவரைக்கும் ஏத்துனீங்க?"

"சுவிட்ச் போர்டு தாண்டிடுச்சு. நீங்க மணிக்கட்டுக்குப் பட்டை போட்டீங்களா?"

"போட்டேன். கழட்டிட்டேன். சோபா ஒண்ணுக்கு உறை மாத்தறேன், அது இடைஞ்சலா இருக்கு."

"அப்ப நானும் நாளைக்கு விரல் ஏத்த மாட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு பட்டையின் ஒட்டுப் பட்டி பிரியும் பர்ரென்ற சத்தம்.

"போட்டுட்டேன். போதுமா? இப்ப சொல்லுங்க, நேத்து ஆடுதுன்னீங்களே, உங்க கதவுக் கீல், அது என்னாச்சு?"

லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு வசதியாக உட்கார்ந்து, கீலின் கதையை ஆரம்பித்தார்.