ஓடை வளைவில் கொட்டிய கல்

எங்கள் ஓடைக்கு வருடத்தில் இருபது நாள்தான் வேலை. மிச்ச நாளெல்லாம் வெறும் மணல். அப்போது அதை யாரும் ஓடையென்று மதிப்பதில்லை, நானும் மதிக்கவில்லை. உழும்போது கிளம்பும் கல்லையெல்லாம் பொறுக்கி, வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஓடை வளைவில் கொட்டிவிடுவேன். உழவு நாளெல்லாம் தினம் இரண்டு கூடை. பதினோரு வருடம். வரப்பில் அடுக்கியிருக்கலாம். சோம்பேறித்தனம், வேறென்ன?

போன வாரம் மழை கொட்டித் தீர்த்தது. வந்த தண்ணீருக்கு வளைவில் வழியில்லை. எதிர்க்கரையை உடைத்துக்கொண்டு என் தங்கையின் நிலத்துக்குள் புகுந்துவிட்டது. நிலக்கடலை விதைத்து ஒன்பதே நாள். விதை, எரு, மேல்மண் எல்லாம் போய் அடிப்பாறை பல்லிளித்தது. அவளுக்கு இருப்பது அந்த ஒன்றரை ஏக்கர்தான். வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுத்ததிலிருந்து அதுதான் சோறு போடுகிறது.

ஊரே மழையைத் திட்டியது. நானும் திட்டினேன், கொஞ்சம் சத்தமாகவே. மறுநாள் காலையில் கடப்பாரையும் கூடையுமாகப் போய் நின்றேன்.

"நீ ஒருத்தன்தாண்ணே வந்திருக்க. மத்தவங்கல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க," என்றாள் தங்கை.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

நிலத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கி, உடைந்த கரையை அடைத்தோம். மத்தியானம்வரை பொறுக்கியும் கல் குறைந்தபாடில்லை. போதாததற்கு அவளுடைய கிண்டல் வேறு.

"உன் நிலத்துல சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு கல்லு கெடைக்காது. இங்க பாரு, லாரி லாரியா எறக்கிட்டுப் போயிருக்கு. இந்த ஓடைக்கு என்மேல அப்படி என்னண்ணே கோவம்?"

சிரித்துவைத்திருந்தால் தப்பித்திருப்பேன். முடியவில்லை.

"ஓடை மேல தப்பில்லம்மா. இது என் நிலத்துக் கல்லு. வருஷக்கணக்கா வளைவுல கொட்டினது நான்தான். அதனாலதான் தண்ணி இந்தப் பக்கம் திரும்பிடுச்சு."

கத்துவாள், கூடையைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் கையிலிருந்த கல்லைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைக் கூடைக்குள் வைத்தாள்.

"வெயில் ஏறிடுச்சு. நீங்க கெளம்புங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் என்னை ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கு மரியாதை கொடுத்தாள்.