சித்தப்பா உட்கார்ந்தால்தான் நாற்காலி

அந்த வீட்டுக்குள் ஒரு நாற்காலி நுழைய வேண்டுமென்றால் முதலில் அதில் சித்தப்பா உட்கார வேண்டும். அதுதான் சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

சித்தப்பா சும்மா உட்கார்ந்து எழுந்துவிடுகிற ஆள் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மெல்ல இறங்குவார். பாதி வழியில் பிடியை விட்டுப் பொத்தென்று விழுவார். இடப்பக்கம் சாய்வார், வலப்பக்கம் சாய்வார், பழைய வேடிக்கை எதையாவது தானே நினைத்துக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரிப்பார். கடைசியில் முன்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பும்படி பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அதற்கும் ஈடுகொடுத்து நின்றுவிட்டால், "பேரன் பேத்தி காலம் வரைக்கும் கவலையில்ல" என்று எழுந்திருப்பார். அந்த நாற்காலி குடும்பத்தில் ஓர் ஆளாகிவிடும்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவை ஆறு நாற்காலிகள். மேசையும் நாற்காலிகளும் சித்தப்பாவின் தாத்தா செய்யச் சொல்லி வாங்கியவை. நாலு தலைமுறை சாப்பிட்டு, எழுதி, சண்டை போட்டு, தூங்கி வழிந்தும் ஒரு கால்கூட ஆடவில்லை. மேசையின் ஒரு மூலையில் மட்டும், அப்பா சின்ன வயதில் பல் முளைக்கும்போது கடித்த தடம் இருக்கிறது என்று சொல்வார்கள். அது எலி கடித்தது என்பது சித்தப்பாவின் கட்சி.

வீட்டில் ஏழு பேர். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, சித்தப்பாவின் மகன், அவன் மனைவி, கடைக்குட்டியாக அப்பாவின் மகள். சித்தப்பாவின் மகனுக்கு வக்கீல் என்று பேர். அவன் சட்டம் படித்தவன் இல்லை, பஸ் டிப்போவில் டிக்கெட் பரிசோதகன். எதற்கெடுத்தாலும் வாதம் செய்வதால் ஒட்டிக்கொண்ட பேர் அது. கடைக்குட்டிக்கு டேப்பு என்று பேர். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் இரண்டு கண்ணுக்கும் நடுவே எத்தனை தூரம் என்று அளந்து எழுதும் வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. கதவைச் சாத்திவிட்டு வந்து, சாத்தினோமா என்று போய்ப் பார்த்து, சரியாகச் சாத்தினோமா என்று இன்னொரு முறை போய்ப் பார்ப்பாள்.

வக்கீலுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்த அன்று, டேப்பு தன் நாற்காலியைப் புதுப்பெண்ணுக்கு விட்டுக்கொடுத்தாள். "ஒரு வாரம்தான், புதுசு ஒண்ணு வாங்கிடலாம்" என்றார் அப்பா. அதுவரைக்கும் என்று காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து, மேலே ஒரு தலையணை போட்டார்கள். அந்த ஒரு வாரம் இரண்டு வருடமாக நீண்டுகொண்டிருந்தது. அப்பா வாங்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலி சித்தப்பா உட்கார்ந்ததும் பிறந்த கன்றுக்குட்டி மாதிரி நாலு காலையும் பரப்பிப் படுத்துவிட்டது. அண்ணி தன் சம்பளத்தில் வாங்கிவந்த மடக்கு நாற்காலி இன்னும் மோசம். அது சித்தப்பாவையும் சேர்த்து மடங்கிவிட்டது. அவரை வெளியே எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

கடையில் கிடைப்பது எதுவும் சித்தப்பாவுக்கு முன்னால் நிற்காது என்று தெரிந்தபின் டேப்பு மாலை நேரத் தச்சு வகுப்பில் சேர்ந்தாள். மேசையில் தனக்கென்று ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. நாற்காலி தேறினால் வாளியிலிருந்து எழுந்துவிடலாம். தேறாவிட்டால் உளியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆயுளுக்கும் வாளியே கதி என்று இருந்துவிட வேண்டியதுதான்.

அந்த வகுப்பில் ஆணி கிடையாது. ஒரு கட்டையின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, இன்னொரு கட்டையில் தோண்டிய துளைக்குள் செருகிப் பசையிட்டு இறுக்க வேண்டும். நாக்கு துளைக்குச் சரியாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் கட்டை பிளந்துவிடும், தளர்வாக இருந்தால் ஆடும். டேப்பு மற்றவர்கள் ஒரு முறை அளப்பதை மூன்று முறை அளந்தாள். மற்றவர்கள் முடித்து வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும் அவள் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது பின்காலின் இணைப்பு அத்தனை கச்சிதமாக அமைந்துவிட்டது. வகுப்பு நடத்தும் ஆசிரியை அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். இடது பின்கால்தான் காலை வாரியது. துளை மயிரிழை பெரிதாகிவிட்டது. மெல்லிய மரச்சீவல் ஒன்றைப் பசையோடு சொருகி நிரப்பினாள். வெளியே தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியுமே. அன்றிலிருந்து அந்தக் காலை நினைக்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்காலி தயாரானபோது சித்தப்பா ஊரில் இல்லை. அவரும் சித்தியும் வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மகள் நர்சு. சித்தப்பாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இறங்குகிற வரைக்கும் ஊருக்கு அனுப்பமாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டாள். அதனால் நாற்காலி ஒரு பழைய போர்வைக்குள் கூடத்து மூலையில் காத்துக் கிடந்தது. டேப்பு வாளியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் சித்தி இறங்கினாள். பிறகு ஒருவர் இறங்கினார். சித்தப்பாவின் சட்டையைப் போட்டிருந்தார், சித்தப்பாவின் பையை வைத்திருந்தார், ஆனால் சட்டைக்குள் இன்னொரு ஆளையும் சேர்த்துப் போடலாம் போல இருந்தது.

"என்ன அண்ணி, ஆளத் தெரியலயா?" என்றார் அவர் அம்மாவைப் பார்த்து. குரல் மட்டும் தேயாமல் இருந்தது.

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அப்பாதான், "என்னடா இது, கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா இருக்கு?" என்றார்.

"என் பொண்ணு செஞ்ச வேலை. காலைல கொஞ்சம் இலை தழை, சாயங்காலம் கொஞ்சம் இலை தழை. ஒரு நாள் கண்ணாடில பாத்தேன், எனக்கே யாருன்னு தெரியல, வணக்கம் சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டேப்பு சிரிக்கவில்லை. அவள் கண் போர்வை மூடிய மூலைக்குப் போய்விட்டு வந்தது.

பையை வைத்ததும் சித்தப்பாவே கேட்டார். "எங்க நம்ம டேப்போட நாற்காலி? கொண்டா பாப்போம்."

கூடத்தின் நடுவே நாற்காலி வந்தது. போர்வையை எடுத்ததும் அண்ணி, "எவ்வளவு அழகு!" என்றாள். சித்தப்பா கையை மடித்துவிட்டார். மடிக்க மடிக்கச் சட்டைத் துணிதான் சுருண்டதே தவிரக் கை தெரியவில்லை. உட்கார்ந்தார். பொத்தென்று விழப் பார்த்தார், உடம்பு இலை உதிர்வது போல இறங்கியது. ஆடினார், சாய்ந்தார், சிரித்தார். நாற்காலி மூச்சுக்கூட விடவில்லை.

"பேரன் பேத்தி காலம் வரைக்கும்..." என்று ஆரம்பித்தார்.

"ஆட்சேபணை" என்றான் வக்கீல்.

"எதுக்குடா?"

"அப்பா, பிளாஸ்டிக் நாற்காலி உங்க பழைய எடைக்குத்தான் படுத்துது. மடக்கு நாற்காலியும் அப்படித்தான். இப்ப நீங்க உக்காந்தா அது பரீட்சையா? அட்டைப்பெட்டிகூட தாங்கும்."

"ஏங்க, அவளே ரெண்டு வருஷமா வாளியில உக்காந்திருக்கா. விடுங்களேன்" என்று அண்ணி அவனை முறைத்தாள்.

"அண்ணா சொல்றதுதான் சரி" என்றாள் டேப்பு.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது கணக்குல சேராது. இடது பின்கால்ல ஒரு சீவல் வேற சொருகியிருக்கேன்."

"கேட்டியாடா, எதிர்க்கட்சியே ஒத்துக்குது" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

சித்தப்பா நாற்காலியிலிருந்து எழாமலே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அப்ப என் வேலை போச்சுன்னு சொல்றீங்க" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனாலும் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அம்மாதான் சமாளித்தாள். "கொறஞ்ச எடையத்தானே சேக்கணும்? மாவு மூட்டை ஒண்ண மடியில வெச்சா ஆச்சு."

"மூட்டை ஆடுமா? சிரிக்குமா? பின்னால சாயுமா?" வக்கீல் விடவில்லை. "ஆளாத்தான் இருக்கணும்."

அப்போதுதான் எல்லோர் பார்வையும் மெல்ல மெல்ல சித்தியின் பக்கம் திரும்பியது. போகும்போது கொடி மாதிரி இருந்தவள், கதவை முழுக்கத் திறந்த பிறகுதான் உள்ளே வந்திருந்தாள்.

"என்ன எல்லாரும் என்னைப் பாக்கறீங்க?"

"இல்ல... சித்தப்பாகிட்டேருந்து போனது எங்க போச்சுன்னு யோசிக்கறோம்" என்றாள் அண்ணி.

"நான் என்ன பண்ண? இவருக்கு வெக்கக்கூடாதுன்னு பொண்ணு ஒதுக்கினது அத்தனையும் தட்டுல அப்படியே இருக்கும். வீணாப் போலாமா? வயித்தெரிச்சல்ல நான்தான் சாப்பிட்டேன்."

"அப்ப சரக்கு வெளிய போகல, குடும்பத்துக்குள்ளதான் இருக்கு" என்றார் அப்பா. "உக்காரும்மா அவன் மடியில."

"ஐயோ, மாட்டேன்! கல்யாணத்தன்னிக்கே பக்கத்துல உக்காருன்னாங்க, நாலடி தள்ளி உக்காந்தவ நான். இத்தன பேர் முன்னாடி மடியிலயா?"

"வா, வா. நாலடிக்கு இன்னிக்கு வட்டியோட வசூல் பண்ணிக்கறேன்" என்று சித்தப்பா தொடையைத் தட்டினார். பழைய உற்சாகம் அவர் முகத்துக்கு வந்திருந்தது. அம்மாவும் அண்ணியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துவந்து சித்தியை உட்கார வைத்தார்கள்.

டேப்பு தரையில் குப்புறப் படுத்து, இடது பின்காலுக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடப்பக்கம் சாய்ந்தார்கள். வலப்பக்கம் சாய்ந்தார்கள். சிரிக்கச் சொல்லவே தேவையிருக்கவில்லை. சித்தி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள், அவள் குலுங்கக் குலுங்க அவரும் குலுங்கினார். "இப்ப பின்னால!" என்று கத்தினான் வக்கீல். முன்கால்கள் எழும்பின. இரண்டு பேரின் பாரமும் பின்கால்களுக்குப் போனது.

டக்.

சின்னச் சத்தம்தான். அந்தக் கூடத்தில் அது வெடி மாதிரி கேட்டது. சித்தி துள்ளி எழுந்தாள். சித்தப்பா அப்படியே உறைந்திருந்தார். நாற்காலி நின்றுகொண்டிருந்தது.

"சீவல் வெச்ச காலா?" என்று கேட்டாள் அண்ணி.

டேப்பு எழுந்து உட்கார்ந்தாள். "இல்ல. வலது. வகுப்புல எல்லாருக்கும் காட்டினாங்களே, அது."

"நிக்குதுல்ல? அப்ப பாஸ்" என்றார் சித்தப்பா.

"சத்தம் வந்தா ஃபெயில்" என்றான் வக்கீல்.

"சத்தம் போடறதெல்லாம் ஃபெயில்னா இந்த வீட்டுல முதல்ல நீதான்டா ஃபெயில்."

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே டேப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். மரச் சுத்தியலை எடுத்தாள். உள்ளே விரிசல் விட்டிருந்தால் இன்று தாங்கும், நாளை தாங்கும், என்றாவது ஒரு நாள் யாரையாவது கீழே தள்ளும். கழற்றி, பார்த்து, முதலிலிருந்து செதுக்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

"அடியே, நல்லா இருக்கறத ஏன் பிரிக்கற?" என்று அம்மா ஓடிவந்தாள்.

"நல்லா இருக்கான்னு தெரியணும்மா."

இணைப்பின் மேல் துணியை மடித்து வைத்துத் தட்டினாள். அசையவில்லை. ஓங்கித் தட்டினாள். சுத்தியல்தான் எகிறியது. நாற்காலியைக் கவிழ்த்து, காலைப் பிடித்து இழுத்தாள். அப்பா எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டார். போதாமல் வக்கீல் வந்தான். அண்ணி அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது, எதற்காக இழுக்கிறோம் என்பதையே மறந்துவிட்டிருந்தாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் போங்க" என்று சித்தப்பா வந்தார். தன் ஒரு காலை நாற்காலிச் சட்டத்தின் மேல் ஊன்றி, இரண்டு கையாலும் வலது பின்காலைப் பிடித்தார். ஆள் இளைத்திருந்தாலும் கை வலு குறையவில்லை. கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். நாலு பேர் மறுபக்கம். "ம்... ம்... இழு! விடாத!"

வக்கீல் பிடி வழுக்கி அப்பாவின் மேல் விழுந்தான், அப்பா அண்ணியின் மேல் விழுந்தார். நாற்காலி சிலிர்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. இணைப்பில் ஒரு மயிரிழை இடைவெளிகூட விழவில்லை.

சித்தி அப்போதுதான் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்தாள். "கூடத்துல நடந்தா கால்ல என்னமோ குத்துது. இதா பாருங்க."

அவள் உள்ளங்கையில் நகத்துண்டு போல மஞ்சளாக ஒன்று இருந்தது. காய்ந்த பசை. டேப்பு அதை வாங்கி வலது பின்காலின் இணைப்புக்குக் கொண்டுபோனாள். வெளியே பிதுங்கிக் காய்ந்திருந்த பசையில் ஒரு சில்லு பெயர்ந்த இடம் இருந்தது. வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பசையின் ஓரம்தான் உடைந்து தெறித்திருக்கிறது. அவள் இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள்.

"மூணாவது தடவ வெச்சுப் பாத்த, நானே வாளியில போய் உக்காந்துருவேன்" என்றார் அப்பா தரையில் உட்கார்ந்தபடி.

வக்கீல் மூச்சு வாங்கினான். "ஆட்சேபணை வாபஸ்."

சித்தப்பா உள்ளங்கைச் சிவப்பை ஊதிக்கொண்டிருந்தார். "இத்தன வருஷமா நான் செஞ்சதே தப்புடா. உக்காந்து பாக்கறது ஒண்ணுமேயில்ல. பிரிக்க முடியுதான்னு பாக்கணும். இனிமே அதான் சட்டம். அதுக்கு எடை வேணாம், கை இருந்தாப் போதும்." சொல்லிவிட்டு, அடுத்து எதைப் பிரித்துப் பார்க்கலாம் என்பது போல வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அம்மா அவசரமாகச் சாப்பிட வரச் சொன்னாள்.

ஏழாவது நாற்காலி மேசைக்கு வந்தது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். டேப்பு கடைசியாக உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறதே என்று ஒரு கணம் திடுக்கிட்டாள். பிறகுதான் அது சாய்மானம் என்று புரிந்தது. மெல்லச் சாய்ந்தாள். தட்டில் சாப்பாடு விழுந்தது. ஒரு வாய் எடுத்தவள் கையை அப்படியே நிறுத்திக்கொண்டு கீழே குனிந்தாள்.

"கொஞ்சம் ஆடுற மாதிரி இல்ல?"

"சாப்பிடு!" என்றார்கள் ஆறு பேரும்.