பிடிமானம்

தையல் மெஷின்கூட ஓய்ந்துவிடும், உன் வாய் ஓயாது என்பார் என் கணவர். அந்த வாயை இதய டாக்டரிடமே காட்டியவள் நான்.

என் மகள் மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்குவாள். சோம்பல் என்றார் அவள் அப்பா. ரத்தசோகை என்றேன் நான். டாக்டர் அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மூச்சை இழுக்கவும் விடவும் சொல்லி வெகுநேரம் கேட்டார். பிறகு எக்கோ ஸ்கேன் எடுத்தார். இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் பிறவியிலேயே ஓட்டை. ரத்தம் அதன் வழியே வலப்பக்கம் பாய்ந்து, அந்தப் பக்கம் வீங்கியிருந்தது. அடைக்காவிட்டால் நுரையீரலும் கெடும் என்றார்.

நெஞ்சைத் திறக்கவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். கல்யாணம் ஆக வேண்டிய பெண். கழுத்துக்குக் கீழே அத்தனை நீளத் தழும்பா? தொடை வழியாகக் குழாய் விட்டு, குடைபோல விரியும் மூடியால் அடைக்கும் வழியும் இருந்தது. ஓட்டையின் ஒரு விளிம்பு மெலிசு, பிடிமானம் போதாது என்று டாக்டர் மென்று விழுங்கினார். முயற்சியாவது செய்யுங்கள் என்று அவர் உயிரை வாங்கினேன்.

குழாய் விட்ட அன்று, வெளியே வந்த டாக்டர் முகம் சரியில்லை. மூடியை வைத்தாராம், உடனே எடுத்தும்விட்டாராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வெச்சதை எதுக்கு எடுத்தீங்க?"

"மூடியைக் குழாயிலேருந்து விடறதுக்கு முன்னாடி லேசா இழுத்துப் பாப்போம்மா. கையோட வந்துடுச்சு. வீட்ல அவ ஓடறப்ப கழண்டிருந்தா?"

பொத்தான் தைத்தால் நானும் இழுத்துப் பார்க்காமல் கொடுத்ததில்லை. துணி நைந்த இடத்தில் எத்தனை நூல் ஓட்டினாலும் நிற்காது; ஒட்டுதான் போட வேண்டும். இது எனக்குத் தெரியாதா? பயத்தோடுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் நெஞ்சைத் திறந்தார்கள். இதயத்தை மூடியிருக்கும் அவளுடைய சவ்விலேயே ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். முடிகிறவரை நான் வாயே திறக்கவில்லை என்று அவள் அப்பா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

உடம்பு தேறியதும் அவளுக்குப் புதுச் சட்டை தைத்தேன். தழும்பு தெரியாதபடி கழுத்தைத் தொண்டைவரை ஏற்றி, நெருக்கமாகப் பொத்தான் வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள், எங்கும் நிற்காமல். பின்னால் போன எனக்குத்தான் இரைத்தது. மேலே நின்று காலரைப் பிடித்து இழுத்தாள்.

"கழுத்தை எறக்கிக் குடும்மா. மூச்சு முட்டுது."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. கத்தரிக்கோலை எடுக்கக் கீழே இறங்கினேன்.