கீரி வீட்டுப் பிரெஞ்சுக்காரர்

எங்கள் தகப்பனார் கீரி என்ற கடலோர ஊரில் கரைவலைச் சம்மாட்டியாக, வலைக்கும் ஆட்களுக்கும் முதலாளியாக, இருந்தவர். திருநாள் கொடியேற்றத்தில் கயிறு பிடிக்கும் முதற்கை எங்கள் வீட்டுக் கை. அப்படியான வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கத்தோலிக்கக் குருவாகப் போவது இயல்பு. தகப்பனார் என் தம்பி கிறகரியைக் குருமடத்துக்கு அனுப்பிவிட்டே கண்மூடினார்.

குருப்பட்டத்துக்கு முந்திய படியான தியாக்கோன் பட்டம் வாங்க இருந்த வருடம், 1956இல், கிறகரி ஒரு தகரப் பெட்டியுடன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். காரணம் கேட்டேன்.

"எனக்குப் பௌதிகம் படிப்பிக்கத்தான் விருப்பம், அண்ணை."

இதை ஊருக்குச் சொல்ல முடியாது. குருமடத்தை விட்டு வந்தவனைத் துரத்தப்பட்டவன் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். தங்கை றஞ்சிதத்துக்கு முருங்கனிலிருந்து சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஆகவே அவனுக்கு நெஞ்சு வருத்தம், ஓய்வுக்கு வந்திருக்கிறான் என்று சொன்னேன். மூத்தவன் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எங்களோடு இருந்த செலீனா மாமிக்கும் அதையே சொன்னேன்.

கிறகரி பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்து, வீட்டின் முன் அறையான சாலையில் மாட்டினான். குருமடத்தில் இருந்த ஒரு பிரெஞ்சுச் சுவாமி கொடுத்தது. படத்தில் இருந்தவருக்குக் கறுத்த அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டி. மாமி அவரை ஒரு புனிதர் என்று எண்ணி, மறுநாளே படத்தின் கீழே மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளையின் நெஞ்சு சுகப்பட நேர்த்தி வைத்துவிட்டார். கிறகரி மாமியைத் திருத்தப் போனான். நான் தடுத்தேன்.

"படத்திலை இருக்கிறவர் ஆரெண்டு சொன்னால், நீ ஆரெண்டும் சொல்லவேண்டி வரும். பேசாமல் இரு."

அடுத்த கிழமை மாப்பிள்ளையின் பெரியப்பா டொமினிக் உபதேசியார் வந்தார். மறைக்கல்வி படிப்பித்து நரைத்த மனிதர். கதிரையில் இருந்தார். றஞ்சிதம் வைத்த கோப்பியைத் தொடவில்லை. படத்தைக் கண்டதும் எழுந்து சிலுவை அடையாளம் போட்டார்.

"இது எந்த அர்ச்சிஷ்டவர்? எனக்குத் தெரியாத ஒருத்தரும் இருக்கிறாரோ?"

"பிராஞ்சு தேசத்து அர்ச்சிஷ்டவர்," என்றார் மாமி. "நெஞ்சு வருத்தத்துக்கு விசேஷம்."

"அப்ப தம்பிக்கு இன்னும் சுகமில்லையோ?"

"சுகமெண்டால் நான் ஏன் மெழுகுதிரி கொளுத்துறன்?"

உபதேசியார் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பஸ்ரியன், குறை நினையாதையுங்கோ. சயரோகம் இருக்கிற வீட்டிலை எங்கடை ஆக்கள் பொம்பிளை எடுக்கப் பயப்பிடுகினம். சம்பந்தத்தை விடுவம் எண்டு சொல்லத்தான் வந்தனான்."

குசினி வாசலில் நின்ற றஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிறகரி அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையசைக்கவில்லை. ஆனாலும் அவன் எழுந்தான்.

"ஐயா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் அர்ச்சிஷ்டவரும் இல்லை."

"என்னடா சொல்லுறாய்!" என்றார் மாமி. "அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரைக் கும்பிட்டனான்?"

"நொலே எண்ட பௌதிக வாத்தியாரை, மாமி. இருநூறு வருசத்துக்கு முந்தின ஆள். வயல் செய்த ஏழைக் கமக்காரன்ரை பிள்ளை. தியாக்கோன் பட்டத்தோடை நிண்டிட்டார். பிறகு கருவியளைத் தானே செய்து, சனத்துக்கு முன்னாலை காட்டிப் படிப்பிச்சவர். ஒருக்கா ராசாவின்ரை காவல்காரரைக் கைகோத்து நிக்கவைச்சு மின்சாரம் பாய்ச்சினவர். அவ்வளவு பேரும் ஒண்டாத் துள்ளினவையாம்."

"பிசாசு வேலை," என்று மாமி நெற்றியில் சிலுவை போட்டார்.

"ராசா அந்தாளைப் பிடிச்சு மறியலிலை அடைக்கேல்லையோ?" என்று கேட்டார் உபதேசியார்.

"ராசாவின்ரை மகனுக்கே அவர்தான் படிப்பிச்சவர். ஐயா, நான் அவர் போன தியாக்கோன் படிக்குக்கூடப் போகேல்லை. ஒருத்தரும் என்னைக் கலைச்சு விடேல்லை. நானாத்தான் குருமடத்தை விட்டு வந்தனான்."

"இருமல்?"

"இல்லை."

"இரத்தம் கிரத்தம்?"

"இல்லை, ஐயா. எந்த டொக்டரிட்டையும் நெஞ்சைக் காட்டுறன்."

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். நான் மறைக்கவில்லை.

"சம்மாட்டி வீட்டுப் பிள்ளை குருமடத்தை விட்டு வந்திட்டான் எண்டு ஒருத்தரும் கதைக்கக்கூடாது," என்றேன்.

"அதுக்காகச் சுகமாயிருக்கிற பொடியனைச் சாகக்கிடக்கிறவன் ஆக்கினியளோ?" அவர் பெரிதாகச் சிரித்தார். ஆறிப்போன கோப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "பிள்ளை, இன்னொரு கோப்பி தா. கலியாணத்தைப் பேசி முடிப்பம். ஆனால் பஸ்ரியன், இனி உங்களோடை இல்லை. இந்தத் தம்பியோடைதான் கதைப்பன். இவன் சொல்லுறதை நம்பலாம்."

கிறகரி தயங்கினான். நான் அவனுக்குக் கதிரையைக் காட்டினேன்.

சீதனம், திகதி, கோவிலில் கலியாண அறிவித்தலான ஓலை வாசிப்பது எல்லாம் அவனோடு பேசப்பட்டன. மூத்தவன் இருக்க இளையவன் சம்பந்தம் பேசியது எங்கள் வீட்டில் அதுவே முதல் தடவை. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து போகவும் இல்லை. விருந்தாளி இருக்கையில் வீட்டுக்காரன் எழுந்து போவது எங்கள் வழக்கமல்ல.