முப்பது நாள் நோட்டீஸ்

இலாரியாவின் மேஜையில் ஒவ்வொரு காகிதக் கட்டின் மேலும் ஒரு கூழாங்கல் இருக்கும். மின்விசிறியை நிறுத்தினால் புழுக்கம் கொல்லும், போட்டால் காகிதம் பறக்கும். பதினாறு வருடமாக அந்த நோட்டரி அலுவலகத்தில் அவள்தான் எழுத்தர். கடலோர நிலத்தை வெளிநாட்டுக்காரர் தன் பெயரில் வாங்க மெக்சிகோ சட்டம் விடாது. வங்கி அதை டிரஸ்டாகத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும், அனுபவிக்கும் உரிமை மட்டும் அவருக்கு. அதற்கு வேண்டிய காகிதங்களைக் கேட்டு வாங்கி அடுக்குவதே அவள் வேலை. முத்திரை கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிவிடுவாள். ஊரில் அவளுக்குக் கறார்க்காரி என்று பெயர்.

டிசம்பர் முதல் தேதி காலையில் கனடாக்காரர் கிரஹாம், மனைவி டோரீனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டோரீனுக்கு மூச்சிரைப்பு, பனி இல்லாத ஊரில் இருந்தால்தான் தாங்குவாள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட், அவர்கள் நாட்டு அரசு முத்திரையிட்ட திருமணச் சான்று, அதன் மொழிபெயர்ப்பு, வெளியுறவு அமைச்சக அனுமதி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, தன் கைப்பட்டியலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார் கிரஹாம்.

"வேற காகிதம்... ஏதும் வேணும்?" என்று தெரிந்த அளவு ஸ்பானிஷில் கேட்டார்.

"இல்ல, எல்லாம் சரி," என்றாள் இலாரியா.

ஒன்று குறைந்தது. அது அவர் தர வேண்டியது அல்ல. அவர் வாங்கும் தென்னந்தோப்பு முன்பு ஊர்ப் பொதுநிலம். பிறகு தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தது. அப்படிப்பட்ட மண்ணை முதல்முறை விற்கும்போது, அதில் பாடுபட்டவனுக்கு நோட்டீஸ் கொடுத்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அவன் கேட்டால் அவனுக்குத்தான் முதல் உரிமை. அங்கே பத்தொன்பது வருடமாகப் பாடுபட்டவர் காசிமிரோ. அவருக்கு இந்த விற்பனை பற்றி ஒரு வார்த்தையும் தெரியாது.

கனடாக்காரர்கள் போனதும் தரகர் ஃபாஸ்தோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்குக் கையெழுத்து. நோட்டீஸு கீட்டீஸுன்னு இழுக்காத."

"சட்டம் இருக்குல்ல."

"அந்தக் காசிமிரோகிட்ட ஓட்டைப் படகைத் தவிர என்ன இருக்கு? கேட்டாலும் வாங்கவா போறான்? முப்பது நாளைப் பின்னால எண்ணித் தேதியப் போடு, சாட்சி ரெண்டு பேரு என் பொறுப்பு. ஆமா, உன் பொண்ணு நர்ஸ் படிச்சுட்டு வீட்லதானே இருக்கா? திங்கக்கிழமை என் மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு."

காசு எதையும் அவள் கையால் தொடவில்லை. ஆகவே இது லஞ்சம் ஆகாது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். நாள்காட்டியின் நவம்பர்த் தாள் காலையிலேயே கிழிந்து குப்பைக்கூடைக்குப் போயிருந்தது. விரல்விட்டு எண்ணினாள். நவம்பர் இரண்டாம் தேதி தோப்பிலேயே காசிமிரோவிடம் நோட்டீஸ் கொடுக்கப்பட்டது, அவர் கையெழுத்திட மறுத்தார் என்று அடித்து முடித்தாள். இலாரியா பார்த்துவிட்டாளே என்று நோட்டரி படிக்காமலே முத்திரை குத்தினார்.

தோப்பில் வீடு எழும்பியது. காசிமிரோ வெளியே தள்ளப்பட்டார். டோரீன் அந்த வீட்டில் ஒரு வருடம் நன்றாகவே மூச்சுவிட்டு, பிறகு போய்ச் சேர்ந்தாள். அவள் அஸ்தியை முற்றத்து எலுமிச்சை மரத்தடியில் புதைத்தார் கிரஹாம். அடுத்த மாதமே நில நீதிமன்றத்திலிருந்து ஓலை வந்தது. காசிமிரோ வழக்குப் போட்டிருந்தார்.

விசாரணை அன்று ஃபாஸ்தோ வாசலிலேயே இலாரியாவை மடக்கினார். "'ஆமா, குடுத்தோம்'னு ரெண்டு வார்த்தை. உன் பொண்ணு வேலையில இருக்கணுமா வேணாமா?"

நீதிபதி தேதியை வாசித்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். காசிமிரோ தொப்பியைக் கையில் பிடித்தபடி எழுந்தார்.

"நவம்பர் ரெண்டு செத்தவங்க நாளுங்கய்யா. அன்னைக்கு இந்த ஊர்ல உசுரோட இருக்கற அத்தனை பேரும் கல்லறையிலதான் இருந்தோம். விடிஞ்சதுலேருந்து இருட்டுற வரைக்கும் என் பொண்டாட்டி சமாதியில செண்டுமல்லி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துச் சமாதி இந்த இலாரியாம்மாவோட அம்மாவுது. சோள மாவுல இறால் வெச்சு அவிச்ச தமாலை நான் குடுத்தேன், அவங்க சாப்பிட்டாங்க. கேட்டுப் பாருங்க."

இலாரியாவுக்கு அந்த தமாலின் ருசி நாக்கில் வந்து நின்றது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொன்றும் கேட்டு வாங்கியிருந்தாள். மகள் முகம் கண்முன் வந்து போனது.

"சாப்பிட்டேன் ஐயா," என்றாள் கடைசியில். "நோட்டீஸ் யாரும் குடுக்கல. என் பொண்ணு வேலைக்காக அந்தத் தேதியைப் போட்டது நான்தான்."

விற்பனை செல்லாது, காசிமிரோ தோப்புக்குத் திரும்பலாம், வாங்கும் முதல் உரிமையும் அவருக்கே என்று தீர்ப்பானது. விற்பனை போனதும் வங்கியின் டிரஸ்டும் போயிற்று, வீடும் போயிற்று. இலாரியாவின் வேலை அன்றே போனது. மகளை மறுநாள் முதல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் கிரஹாம் அவளிடம் வந்தார். கையில் அதே பழைய பட்டியல், பென்சில் கோடுகளோடு.

"நான்... எந்தக் காகிதம் குடுக்கல?"

"நீங்க எல்லாம் குடுத்தீங்க. குடுக்க வேண்டியதக் குடுக்காதது நான்." அவள் அழுதுவிட்டாள். அவர் பட்டியலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காசிமிரோ அவர் தோளைத் தொட்டார். "அந்தம்மாவ எலுமிச்சை மரத்தடியிலேருந்து கிளப்ப வேணாம். அங்கேயே இருக்கட்டும். நவம்பர்ல வாங்க, பூ நான் வெக்கிறேன்."

புரிந்ததோ இல்லையோ, கிரஹாம் தலையசைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கினார்.

"காசிமிரோ ஐயா," என்றாள் இலாரியா மெல்ல. "உங்களால வாங்க முடியாதுன்னு நெனச்சுட்டேன். காசு எதையும் நான் தொடல."

"படகை வித்திருப்பேன், அண்ணன் தம்பி கையக் கோத்திருப்பானுங்க. அப்பவும் முடியாமப் போயிருக்கலாம். ஆனா முடியாதுன்னு சொல்ல வேண்டியவன் நான். கேக்க வேண்டியது உன் வேலை." அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "காசு தொடலைன்னு சொல்லிக்கிட்டுத் திரியாத, இலாரியா. செய்ய வேண்டிய வேலையச் செய்யாம விடறதுக்கு எதை வாங்கினாலும் அதுக்குப் பேரு லஞ்சந்தான். அதுல அன்னைக்கு என் தோப்பு போச்சு, இன்னைக்கு அந்த மனுசன் வீடும் போச்சு."